மரக்கலமும் மனச்சான்றும்

ஒரு முழ நீளமுள்ள மரக்கப்பலைப் பொழுதுபோக்காகச் செய்கிறவன், எவர் கண்ணிலும் படாத அதன் உட்புறத்தையும் உண்மையாகச் செய்ய வேண்டுமா? கேட்டவுடன் சிரிப்பை வரவழைக்கக்கூடிய கேள்விதான். அக்கப்பல் கடலில் மிதக்கப் போவதில்லை; சரக்கு ஏற்றப் போவதுமில்லை. கண்ணாடிப் பேழைக்குள் தூசி படியாமல் நிற்பதே அதன் வாழ்நாட்பணி. ஆயினும் இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிடுவதற்கில்லை.

மாதிரிக் கப்பல் செய்வோர் இருவகையினர். அளந்து வெட்டிய துண்டுகள் அடங்கிய பெட்டியைக் கடையில் வாங்கி, எண் பார்த்து ஒட்டுவோர் ஒருவகையினர். வெறும் மரக்கட்டையிலிருந்து தொடங்குவோர் மற்றொரு வகையினர். இவர்கள் ஏரா எனப்படும் அடிமரத்தைச் சீவ வேண்டும். அதன்மேல் விலாவெலும்புகளைப் போன்ற வங்குக்கால்களை ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும். பிறகு மெல்லிய பலகைகளை நனைத்தும் சூடேற்றியும் வளைத்து, அவ்வெலும்புகளின்மீது பொருத்த வேண்டும். இதற்கு ஆண்டுக்கணக்கில் பொழுது செல்லும். சிங்கப்பூர் போன்ற நகரில் அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசையே பட்டறை; இரவுணவுக்குமுன் மரத்தூளைத் துடைத்தாக வேண்டும். லிட்டில் இந்தியாவை அடுத்துச் சுங்கை ரோட்டில் இருந்த பழம்பொருட் சந்தையும் 2017இல் மூடப்பட்டுவிட்டது. பழைய பொருள்களைத் துழாவிக் கைக்கருவி தேடுகிற இன்பம் அதனோடு போயிற்று.

பலகை ஏறியதும் வங்குக்கால்கள் மறைந்துவிடுகின்றன. அறுபது கால்கள் நிற்க வேண்டிய இடத்தில் எட்டுத் தடுப்புகளை மட்டும் வைத்து மூடினாலும் பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக் கடற்படைக்காகச் செய்யப்பட்ட மாதிரிகள் பலவற்றில் அடிப்பகுதியைப் பலகையிட்டு மூடாமல், உள்மரங்கள் தெரியும்படி விட்டனர். ஏனைய கப்பல்களில் உள்ளிருப்பது செய்தவனின் நேர்மையை நம்பியே இருக்கிறது. பிறர் காணாவிட்டாலும் செய்தவனுக்குத் தெரியுமே என்பது பலரும் கூறும் விடை. நல்ல விடைதான், ஆனால் அதில் தன்னைத்தானே மெச்சிக்கொள்ளும் சுவையும் சிறிது கலந்திருக்கிறது. மேலும், சோம்பலால் விட்டுவிடுவதைத்தான் அவ்விடை கண்டிக்கிறது. அதனினும் கடினமான இடம் ஒன்று உண்டு. உள்ளே என்ன இருந்தது என்பதே தெரியாதபோது கைவினைஞன் என்ன செய்வது?

எழுதுகோலுக்கு இந்த இடர்ப்பாடு இல்லை. "மாபெரும் மரக்கலம் அலைகளைக் கிழித்துச் சென்றது" என்று எழுதிவிட்டு ஆசிரியன் அடுத்த வரிக்குப் போய்விடலாம். ஓவியனும் கப்பலின் பாதியைப் பனிமூட்டத்துக்குள் மறைத்துவிடலாம். உளிக்கு அந்த விடுதலை கிடையாது. பலகையின் தடிப்பு எத்தனை விரற்கடை? பலகையோடு பலகையை இணைத்தது ஆணியா, கயிறா? சுக்கான் பின்புறத்தின் நடுவிலா, பக்கத்திலா? அடைமொழி எதுவும் இக்கேள்விகளுக்கு விடையாகாது. தொடக்கத்திலிருந்து கப்பல் கட்டுகிறவன் தன் அறியாமையின் அளவை அங்குலம் அங்குலமாகக் காண்கிறான்.

தமிழ் மாணவர்கள் பள்ளிக் கண்காட்சிக்குக் கப்பல் செய்ய விரும்பினால் பெரும்பாலும் சோழர் கப்பலே அவர்கள் மனத்தில் எழும். 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழன் கடாரத்தின்மேல் கடற்படை அனுப்பிய செய்தியை அவன் மெய்க்கீர்த்தி கூறுகிறது. கப்பல்கள் சென்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்கப்பல்களின் வரைபடம் எதுவும் இன்றுவரை கிடைத்ததில்லை. புலிச்சின்னம் அறிந்தது, அது பறந்த பாய்மரத்தின் உயரம் அறியாதது. இந்நிலையில் இனப்பற்று கைவினைஞனின் காதில் மெல்லப் பேசத் தொடங்குகிறது: 'இன்னும் ஒரு தளம் சேர், முகப்பை இன்னும் உயர்த்து, யார் மறுக்கப் போகிறார்கள்?' சோம்பலால் வங்குக்காலை விட்டவன் ஒன்றை மறைத்தான். பற்றினால் தளத்தை உயர்த்தியவன் இல்லாததைச் சேர்த்தான். முன்னதைக் காட்டிலும் பின்னதே பெரிய பிழை. ஏனெனில் அது முன்னோர்க்குப் பெருமை சேர்ப்பதாக எண்ணி, அவர்கள் உண்மையில் கண்டறிந்த தொழில்நுட்பத்தின்மேல் திரை போடுகிறது.

அப்படியானால் தெரியாத கப்பலைக் கட்டவே கூடாதா? இதற்குச் சிங்கப்பூரோடு தொடர்புடைய ஒரு முயற்சியே விடை தருகிறது. 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த கப்பலொன்று கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டது. ஏறத்தாழ 60,000 சீன மட்பாண்டங்கள் அதில் இருந்தன. ஒரு கிண்ணத்தில் 826ஆம் ஆண்டுக்குரிய சீனக் குறிப்புப் பொறிக்கப்பட்டிருந்தது. அச்சரக்கின் பெரும்பகுதி சிங்கப்பூர் ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்கு வந்து சேர்ந்தது. சரக்கைக் காட்டிலும் கப்பலே வியப்பூட்டுவது. அதன் பலகைகள் ஆணியால் அறையப்பட்டவை அல்ல. துளையிட்டுக் கயிற்றால் தைக்கப்பட்டவை.

அக்கப்பலைப் பின்பற்றி, 18 மீட்டர் நீளத்தில், ஓமான் நாட்டின் கந்தாப் கடற்கரையில் ஒரு மரக்கலம் கட்டப்பட்டது. 'ஜுவல் ஆஃப் மஸ்கட்' என்று பெயர் பெற்ற அதனை முழு அளவிலான மாதிரிக் கப்பல் என்றே கொள்ளலாம். கேரளத்துக் கயிற்றுத் தொழிலாளர் ஆயிரக்கணக்கான துளைகளின் வழியே தென்னைநார்க் கயிற்றைச் செலுத்தி அதனைத் தைத்தனர். ஆணி அறைந்தால் வேலை விரைந்திருக்கும். தொலைவில் நின்று பார்ப்பவர்க்கு வேறுபாடும் தோன்றியிராது. சோழமண்டலக் கரையிலும் இத்தையல் முறை வழங்கியதை இங்கு நினைவுகூரலாம். சென்னையில் துறைமுகம் அமைவதற்குமுன், கப்பலிலிருந்து ஆட்களைக் கரைசேர்த்த மசூலாப் படகுகள் தைத்த படகுகளே. ஆணியடித்த பலகை பிளந்துபோகும் அலையில், தைத்த பலகை சற்று நெகிழ்ந்து கொடுக்கும். எளிய மீனவர் கையிலிருந்த இவ்வறிவு, எந்தக் கற்பனைத் தளத்தையும்விடப் பெருமைக்குரியது.

உடைந்த கப்பலின் அடிப்பகுதி ஓரளவு எஞ்சியிருந்தது. பாய்மரமும் பாயும் சுக்கானும் எஞ்சவில்லை. பழைய ஓவியங்களையும், அண்மைக்காலம் வரை இந்துமாக்கடலில் வழங்கிய படகுகளையும் ஒப்பிட்டு அவற்றை ஊகித்தனர். எது சான்று, எது ஊகம் என்பதையும் எழுதிவைத்தனர். 2010 பிப்ரவரியில் மஸ்கட்டிலிருந்து புறப்பட்ட அக்கலம் கொச்சி, காலி, பினாங்கு வழியாக அவ்வாண்டு சூலையில் சிங்கப்பூரை அடைந்து, இந்நாட்டு மக்களுக்கு அன்பளிப்பாயிற்று. வழியில், இலங்கையின் காலித் துறையில் பாய்மரங்களை மாற்ற வேண்டியதாயிற்று. ஊகத்தைக் கடல் சோதித்துத் திருத்தியது. சாப்பாட்டு மேசையில் பிறக்கும் கப்பலுக்கு அத்தகைய ஆசிரியர் இல்லை. எவ்வளவு தவறான பாய்மரமும் பேழைக்குள் நிமிர்ந்தே நிற்கும்.

பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியான பாரி என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆசியக் கரைகள்தோறும் படகுகளை நேரில் அளந்து வரைந்தார். பின்னாளில் பாரிசு நகரின் கடற்படை அரும்பொருளகத்துக்குப் பொறுப்பேற்று, அவ்வரைபடங்களைக் கொண்டு பல மாதிரிகளைச் செய்வித்தார். அளக்கக் கிடைத்தபோதே அளந்துவிட வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். சிங்கப்பூர் ஆற்றில் தொடக்கக் காலத்தில் சூலியாத் தமிழரும் பின்னர்ச் சீனரும் சரக்குப் படகுகளைச் செலுத்தினர். 1983இல் அப்படகுகள் அனைத்தும் பாசிர் பாஞ்சாங்குக்கு அகற்றப்பட்டன. இன்று ஆற்றில் சுற்றுலாப் பயணிகள் ஏறும் படகின் முகப்பில் பழைய கண்கள் வரையப்பட்டுள்ளன. கண் பழையது, தொழில் புதியது.

அரும்பொருளகங்களில் உடைந்த பானையின் இழந்த பகுதியை வேறு நிறச் சுதையால் நிரப்புவதுண்டு. எது பானை, எது சுதை என்பது பார்ப்பவருக்கு விளங்கிவிடும். சோழர் கப்பல் செய்யும் மாணவனும் தான் ஊகித்த பகுதிகளை வண்ணம் பூசாத வெளிர்மரத்தால் செய்யலாம். அப்படிச் செய்தால் கப்பலின் பெரும்பகுதி வெளிறியே நிற்கும். பரிசு கிடைப்பது ஐயந்தான். நடுவர் காரணம் கேட்கும்போது, எந்த மரத்துக்குச் சான்று உண்டு, எதற்கு இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லும் கடமை அம்மாணவனுக்கு உண்டு. அதைப் பொறுமையாகக் கேட்கும் கடமை ஆசிரியருக்கும் உண்டு.