ஞானோபதேசத்துக்கு எத்தனை மார்க்கு?

காலாண்டுப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் மார்க்கு அட்டையை வீட்டுக்குக் கொண்டுவரும்போது, கணக்கில் எத்தனை, இங்கிலீஷில் எத்தனை என்று கேட்காத பெற்றோரில்லை. ஞானோபதேசத்தில் எத்தனை என்று கேட்பவர் அரிது. (இப்போது மறைக்கல்வி என்கிறார்கள், பழகிய நாவுக்கு ஞானோபதேசம்தான் வருகிறது.) கேட்கிற சிலரும், அந்த மார்க்கு பிள்ளை அறிந்ததற்கா, விசுவசித்ததற்கா என்று யோசிப்பதில்லை.

பல வருஷங்களுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில், "ஞாயிறு தோறும் பூசை காண்பது ஏன்?" என்று ஒரு கேள்வி கொடுத்தேன். எல்லோரும் புத்தகத்திலுள்ளதை அட்சரம் பிசகாமல் எழுதினார்கள். பூட்டுப் பட்டறைத் தொழிலாளி ஒருவரின் மகன் மட்டும், "அப்பா அடிப்பார் என்று போகிறேன். ஆனால் பாட்டி இறந்தபிறகு பூசையில் அழுகை வருகிறது, ஏனென்று தெரியவில்லை" என்று எழுதியிருந்தான். நான் பூஜ்யம் போட்டேன். அடுத்த பரீட்சையில் அவனும் புத்தக விடையையே எழுதி முழு மார்க்கு வாங்கினான். அன்று போட்ட பூஜ்யத்தைவிட, பிறகு போட்ட முழு மார்க்குத்தான் இன்றும் என்னை உறுத்துகிறது.

அர்ச். மத்தேயு சுவிசேஷம் 21-ம் அதிகாரத்தில் இரண்டு குமாரர்கள் வருகிறார்கள். தோட்டத்துக்குப் போகமாட்டேன் என்றவன் மனம் வருந்திப் போனான். போகிறேன் என்றவன் போகவில்லை. நமது விடைத்தாளில் தேறுகிறவன் இவர்களில் யார்?

ஆகையால் பரீட்சையே வேண்டாம் என்பாருண்டு. நான் அவர்கள் கட்சியல்ல. செய்த பூட்டைச் சாவி போட்டுப் பார்க்காமல் கடைக்கு அனுப்புகிறவர் திண்டுக்கல்லில் உண்டோ? ஏழு தேவதிரவிய அநுமானங்கள் எவையென்று 15 வயதிலும் அறியாத பிள்ளைக்கு நாம் அநியாயம் செய்திருக்கிறோம். அர்ச். பத்தாம் பத்திநாதர் காலத்தில், 1910-ல், முதல் நன்மை பற்றி வெளிவந்த கட்டளையும் சிறுபிள்ளையிடம் அறிவைக் கேட்கத்தான் செய்தது. ஆனால் கேட்டது கொஞ்சம்: தேவநற்கருணை அப்பத்தைச் சாதாரண அப்பத்திலிருந்து பிரித்தறியத் தெரிகிறதா என்பது போன்றவை.

இலங்கையில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் சமயம் கட்டாயப் பாடம். கத்தோலிக்கப் பிள்ளைகள் அதை எழுதியே ஆகவேண்டும். நம் நாட்டிலோ, 1950-ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 28-ம் பிரிவுப்படி, முழுவதும் அரசாங்கப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது. உதவி பெறும் பள்ளியில் சம்மதமில்லாத எவரையும், சிறுவரானால் காப்பாளர் சம்மதமில்லாமல், அதற்குக் கட்டாயப்படுத்த முடியாது. நம் ஞானோபதேச மார்க்கு பத்தாம் வகுப்புப் பொதுப் பரீட்சையிலும் சேராது. இதைக் குறையாகச் சொல்லுகிறவர்களை அறிவேன். எனக்கோ அது அதிர்ஷ்டமாகவே படுகிறது. ஆதாயமில்லாத மார்க்குக்காகப் பிள்ளை பொய் எழுத வேண்டிய அவசியமில்லையே. அதே நேரத்தில் இந்து, முஸ்லீம் பிள்ளைகள் உட்காரும் நன்னெறி வகுப்பில், "பொய் சொல்லலாமா?" என்றால் "கூடாது" என்பதற்குப் பத்து மார்க்கு, பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியவனுக்கும் அதே பத்து!

ஒன்றை மட்டும் கண்டிப்பாய்ச் சொல்லுவேன். பூசைக்கு வந்ததற்கு, பாவசங்கீர்த்தனம் செய்ததற்கு மார்க்குப் போடலாகாது. அது மனச்சாட்சிக்குள் கையை விட்டுத் துழாவுவதாகும். மார்க்குக்காக முழங்காலிடப் பழகிய பிள்ளை, பள்ளிக்கூடம் முடிந்த மறு வாரமே எழுந்து போய்விடும்.

இப்போதெல்லாம் என் கேள்வித்தாளில் கடைசிக் கேள்விக்கு மார்க்கு கிடையாது. மனதிலுள்ளதை எழுதலாம், எழுதாமலும் விடலாம். சிவப்பு மை அதைத் தொடாது. சென்ற தடவை ஒரு பெண் விடைக்குப் பதில் என்னையே கேட்டிருந்தாள்: "என் சிநேகிதி இந்து. என்னைவிட நல்லவள். அவள் மோட்சத்துக்குப் போவாளா?"

அவளுக்குப் பதில் எழுத எனக்கு ஒரு வாரம் பிடித்தது.