எடை போகுமிடம்

சென்னையிலிருந்து அந்தமான் போகிற விமானத்தில் சாதாரண டிக்கெட்டுக்குப் பெட்டி 15 கிலோ, கைப்பை 7 கிலோ. ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு இது தாராளம். சொந்த ஸ்கூபா சாமான்களோடு கிளம்புகிறவருக்கு ஒவ்வொரு நூறு கிராமும் கண்ணில் படும். ரெகுலேட்டரும் மிதவைச் சட்டையான பி.சி.டி.யும் சேர்ந்தாலே ஆறு கிலோவைத் தொட்டுவிடும். அடுத்தபடி உறுத்துவது காலில் மாட்டும் துடுப்பு, அதாவது ஃபின்ஸ்.

கெட்டி ரப்பரில் வார்த்த ஜெட் ஃபின் வகை, பெரிய அளவில் ஒரு ஜோடி 3 கிலோவை நெருங்கும். பிரான்ஸின் ஜார்ஜ் பூஷா 1964-இல் கொண்டுவந்த வடிவம் அது. இன்றும் அதை விட்டால் வேறு தொடமாட்டேன் என்கிறவர்கள் உண்டு. அதே வேலையைச் செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் பயண ஃபின்ஸ் ஒன்றரைக் கிலோவுக்கே கிடைக்கிறது. கைத்தராசில் மாட்டித் தூக்கினால் பாதி எடை காணோம்.

காணாமல் போனது எங்கே போய்ச் சேர்ந்தது? வாங்குவதற்கு முன் இந்தக் கேள்வியோடு கொஞ்சம் உட்காரலாம்.

*

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களுக்குக் கனம்தான் வாகனம். கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து இறங்குவார்கள். தரை தட்டியதும் காலை எடுத்துவிட, படகில் இருப்பவர் கல்லை மேலே இழுத்துக்கொள்வார். சிப்பி அள்ளி முடித்துக் குளியாள் கயிற்றை அசைத்தால் அவரையும் இழுத்துவிடுவார். ஒரு கல்லுக்கு இரண்டு பேர். ஒருவர் மூச்சு வாங்கும் நேரத்தில் மற்றவர் இறங்குவார். இறக்குவது கல்லின் வேலை, ஏற்றுவது இன்னொருவர் தோளின் வேலை.

கடலுக்கடியில் தன் காலாலேயே ஊர்ந்து போக நினைப்பவனுக்கு அந்த வசதி இல்லை. தோளின் வேலையும் அவன் தொடைக்கே வருகிறது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சிறுவயதில் கைக்குப் பிடியாக இரண்டு மரப்பலகைகள் செய்து நீந்திப் பார்த்ததை ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். வேகம் கூடியது, மணிக்கட்டு களைத்தது என்கிறார். காலுக்கும் பலகை கட்டிப் பார்த்தார். அது திருப்தி தரவில்லை. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி த கோர்லியே 1933-இல் காப்புரிமை பெற்ற பிறகுதான் ரப்பர் ஃபின்ஸ் ஒரு வழிக்கு வந்தது. கூஸ்தோவும் கன்யானும் அக்வாலங் என்ற மூச்சுக்கருவியை 1943-இல் செய்து முடிக்கும்போது காலுக்கான கருவி பத்து வருஷம் முன்பே தயாராகிக் காத்திருந்தது.

ஃபிராங்க்ளினின் மணிக்கட்டுதான் எனக்கு இந்தக் கதையில் முக்கியம். கருவி கொடுப்பதை உடம்பில் எங்காவது ஒரு மூட்டு திருப்பிக் கட்டுகிறது.

*

டைவிங் சென்டர்களின் பின்பக்கம் நல்ல தண்ணீர்த் தொட்டி இருக்கும். கடலிலிருந்து திரும்பியதும் எல்லாவற்றையும் அதில் போட்டு அலசுவார்கள். அந்தத் தொட்டியை எட்டிப் பார்த்தாலே ஃபின்ஸைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். ரப்பர் அடியில் படுத்திருக்கும். பாலிப்ரொப்பிலீன் அலகு வைத்தது நுனியைத் தூக்கிக்கொண்டு மிதக்கும். இப்போது வரும் சில ரகங்கள் இரண்டுக்கும் நடுவே, எந்தப் பக்கம் போவதென்று தீர்மானிக்காமல் நிற்கும்.

தராசு காட்டும் எடைக்குத் தண்ணீருக்குள் பெரிய மதிப்பில்லை. அது மூழ்குகிறதா மிதக்கிறதா என்பதுதான் அங்கே பேச்சு. கனத்த ஃபின்ஸ் கணுக்காலைக் கீழே இழுக்கும். கெட்டியான டிரை சூட் போட்டுக் குளிர்ந்த கடலில் இறங்குகிறவருக்கு, கால் பக்கம் காற்று சேர்ந்து தூக்குவதால் அந்த இழுப்பு தேவைப்படுகிறது. அந்தமானில் தண்ணீர் 28 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. மெல்லிய உடையே போதும். கணுக்காலுக்குப் பாரம் வேண்டியதில்லை. மிதக்கிற ரகத்தால் கால் கொஞ்சம் எழும்பினால் இடுப்பிலிருக்கும் ஈயத்தைச் சற்றுக் கீழே நகர்த்திக் கட்டிக்கொள்ளலாம்.

ஈயத்தை யாரும் விமானத்தில் ஏற்றுவதில்லை. போகிற இடத்தில் கூடை கூடையாக இருக்கிறது. அப்படியானால் காணாமல் போன எடையில் ஒரு பங்கு நிஜமாகவே வேண்டாதது. வீட்டில் விடலாம்.

*

இன்னொரு பங்கு காலுக்குப் போகிறது.

நிறையத் தண்ணீரை மெதுவாகத் தள்ளுவதற்கு ஆகும் உழைப்பு, கொஞ்சம் தண்ணீரை வேகமாகத் தள்ளுவதற்கு ஆகும் உழைப்பைவிடக் குறைவு. அகலமும் நீளமுமான அலகு சிக்கனமாக இருப்பது இதனால்தான். குட்டையான மெல்லிய அலகு அதே தூரம் போக அதிக உதை கேட்கும். பவளத்திட்டின் ஓரமாகப் பராக்குப் பார்த்துக்கொண்டு மிதக்கையில் இது தெரியவே தெரியாது. நீரோட்டம் எதிரே வந்தால் தெரியும். முதலில் கெண்டைக்காலில், பிறகு மூச்சில்.

வழக்கமான 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரை 200 பார் அழுத்தத்தில் நிரப்பினால் 2,200 லிட்டர் காற்று. 50 பாரை மிச்சம் வைத்துவிட்டு மேலே வர வேண்டும் என்பது ஒழுங்கு; ஆக, செலவழிக்கக் கிடைப்பது 1,650 லிட்டர். கரையில் நிமிஷத்துக்கு 15 லிட்டர் மூச்சு விடுகிறவருக்கு 20 மீட்டர் ஆழத்தில் மூன்று மடங்கு, 45 லிட்டர் செலவாகும். நிதானமாக இருந்தால் 36 நிமிஷம். உதைத்து உதைத்து மூச்சு இரட்டித்தால் 18.

அந்த சிலிண்டரில் அடைத்த காற்றுக்கும் எடை உண்டு: இரண்டரைக் கிலோவுக்குச் சற்று மேல். ஏறத்தாழ ஒரு ஜோடி ரப்பர் ஃபின்ஸ். விமானநிலையத்தில் மிச்சம் பிடித்த கிலோவைக் கடலுக்கடியில் காற்றாக நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றிய பிறகு, தராசு முள்ளை மட்டும் நம்பி வாங்க மனம் வருவதில்லை.

ஆனாலும் குட்டை என்றாலே பலவீனம் என்றில்லை. ஜெட் ஃபின்னும் குட்டைதான். தவளை உதைக்கு அதைவிடத் தோதானது குறைவு. அதன் விறைப்பு ரப்பரின் தடிமனிலிருந்து வருவதால் கனக்கிறது. நல்ல பயண ஃபின்ஸில் விறைப்பு, அலகின் இரு ஓரமும் ஓடும் எலும்புகளிலிருந்து வரும். கடையில் நுனியைத் தரையில் ஊன்றி, குதிகால் பக்கத்தைப் பிடித்து அழுத்திப் பார்க்கலாம். வில்லாக வளைந்து கையை எதிர்த்துத் தள்ள வேண்டும். நனைந்த அப்பளம்போல் மடங்கினால் அதன் இலகுவுக்குக் காரணம் சிக்கனம் அல்ல, சோம்பல்.

*

பாதத்திடம் கேட்க வேண்டிய கேள்விகள் தனி.

முழுப்பாதம் நுழைகிற ரகம் வெறுங்காலுக்கானது. குதிகால் திறந்து பட்டையால் இறுக்குகிற ரகத்துக்குப் பெரும்பாலும் நியோப்ரீன் பூட்ஸ் வேண்டும். ஃபின்ஸின் எடையை மட்டும் ஒப்பிட்டு இரண்டாவதை வாங்குகிறவர்கள் பூட்ஸைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதுவும் அரைக் கிலோவுக்கு மேல் வரும். திரும்பும் நாளில் ஈரம் காயாமல் இன்னும் கனக்கும். பட்டைக்கு எஃகுச் சுருள் வைத்தால் மாட்டுவது சுலபம், எடை கூடும். சிலிகோன் பட்டையோ பஞ்சி கயிறோ அதில் பாதிகூட இராது.

கரையிலிருந்து நடந்து இறங்கும் இடமென்றால் பூட்ஸ் தன் எடைக்கு நியாயம் சொல்லிவிடும். வற்றத்தில் உடைந்த பவளத்தின் மேல் வெறுங்காலோடு நடக்க முடியாது. படகிலிருந்து குதிக்கும் பயணமென்றால் பூட்ஸ் சும்மா வருகிற விருந்தாளி. மெல்லிய சாக்ஸ் போதும்.

சாக்ஸ் ஏன் என்பதைச் சுண்டுவிரலிடம் கேட்க வேண்டும். முழுப்பாத ஃபின்ஸின் உள்விளிம்பு தொடுவது மூன்று இடங்களில்: சுண்டுவிரலின் வெளிப்பக்கம், கட்டைவிரல் மூட்டு, குதிகால் நரம்பு. கடையில் காய்ந்த காலோடு போட்டுப் பார்க்கும்போது மூன்றும் சமர்த்தாக இருக்கும். உப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கிய தோலில் அதே விளிம்பு ஆயிரம் தடவை உரசினால் இரண்டாம் நாள் கொப்புளம். உட்கார்ந்து, காலை நீட்டி, விரல்களை அசைத்துப் பார்ப்பது நல்லது. விரல் மடங்கவும் கூடாது, குதிகால் நழுவவும் கூடாது. சாயங்காலம் போவது இன்னும் நல்லது. அந்நேரத்துக்குக் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்.

*

எடையைவிட நீளம்தான் பெட்டியிடம் சண்டை போடும். கைப்பைக்கு அனுமதி 55 சென்டிமீட்டர் உயரம், 35 அகலம். குறுக்குவாட்டில் 65 வரும். சக்கரமும் இழுகம்பியும் விழுங்கியது போக 60 கிடைத்தால் அதிர்ஷ்டம். சாதாரண ஃபின்ஸ் பெரிய அளவில் அதைத் தாண்டும். பயண ரகங்கள் ஐம்பதையொட்டி அடங்கிவிடும்.

வளைத்துத் திணிக்கக் கூடாது. சூட்டில் வளைந்தபடி கிடந்த அலகு அந்த வளைவைக் கற்றுக்கொண்டுவிடும். பாதக்கூட்டுக்குள் கடையில் வைத்துக் கொடுக்கிற பிளாஸ்டிக் அச்சைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது புத்தி. அது இல்லையென்றால் துணிகளைச் சுருட்டி உள்ளே திணிக்கலாம். கூடு நசுங்காது, இடமும் மிச்சம். இரண்டு அலகுகளையும் பெட்டியின் இரு சுவர்களாக நிறுத்தி நடுவே ரெகுலேட்டரைப் படுக்கவைத்தால், கனம் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த பொருளே காவலுக்கு நிற்கிறது.

*

“அண்ணா, ஃபின்ஸ் எல்லாம் இங்கயே இருக்கு. மாஸ்க் மட்டும் உங்களோடது கொண்டு வாங்க, போதும்.”

அந்தமானின் ஹேவ்லாக்கில் டைவ் மாஸ்டராக இருக்கும் தமிழ்ப் பையன் போனில் சொன்னது. 2018-இல் தீவுக்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாறியும் அவன் வாயில் ஹேவ்லாக்தான். சொன்னது முழுக்கச் சரி. அங்கே டைவுக்குக் கொடுக்கும் கட்டணத்தில் பெரும்பாலும் ஃபின்ஸும் அடக்கம். வருஷத்துக்கு ஒருமுறை இறங்குகிறவருக்கு எடுத்துப் போகாத ஃபின்ஸ்தான் எல்லாவற்றிலும் இலகு.

“சைஸ் எப்படி இருக்கும் தம்பி?”

“ஏழு, எட்டு, ஒன்பது எப்பவும் கிடைக்கும். சின்னக் காலுக்கும் ரொம்பப் பெரிய காலுக்கும்தான் தேடணும்.”

எதை எடுத்துப் போவது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விதி கிடைக்காது. கனம் எங்கும் கிடைக்கும்: ஈயம், சிலிண்டர், காற்று எல்லாம் அங்கே காத்திருக்கின்றன. முகத்தின் அளவும் பாதத்தின் அளவும் மட்டும் நம்மோடுதான் பயணம் செய்ய வேண்டும். இந்த வரிசையில் மாஸ்க் முதலில், ஃபின்ஸ் அடுத்து. பொருத்தம், நீளம், எடை என்று ஃபின்ஸுக்குள்ளும் ஒரு வரிசை. விளம்பரங்கள் இதைத் தலைகீழாகப் படிக்கின்றன.

*

இவ்வளவையும் கூட்டிக் கழித்தால் எடையில் ஒரு பங்கு ஈயக்கூடைக்கும், ஒரு பங்கு காலுக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் போகிறது. கடைசிப் பங்கு பயணத் திட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதை எந்தக் கடையிலும் சொல்வதில்லை.

ஹேவ்லாக்கிலிருந்து படகில் போகும் ஜானிஸ் கார்ஜ், டிக்சன்ஸ் பின்னக்கிள் போன்ற இடங்கள் ஆழமானவை. சில நாட்களில் நீரோட்டம் பலமாக இருக்கும். நல்ல கால் வலு உள்ளவர் குட்டை ஃபின்ஸோடும் அங்கே சமாளிப்பார். என்னைப்போல் மூட்டு பேசத் தொடங்கிய வயதுக்காரர், இலகுவானதை எடுக்கும்போதே சில நாட்களில் சில இடங்களுக்குப் போவதில்லை என்றும் சேர்த்தே முடிவெடுக்கிறார். அந்த முடிவைப் பெட்டி கட்டும்போதே எடுத்துவிட வேண்டும். படகு ஆடிக்கொண்டிருக்க, மற்றவர்கள் சிலிண்டரை மாட்டிக்கொண்டு நம் முகத்தைப் பார்க்கிற நேரத்தில் அல்ல.

நான் வாங்கியிருப்பது முழுப்பாத ரகம், குட்டை, ஓரத்தில் நல்ல எலும்பு. சாக்ஸோடு ஒன்றரைக் கிலோ. அந்தப் பையன் மேல்தளத்திலிருந்து, “அண்ணா, கீழ கரண்ட் இருக்கு, வர்றீங்களா?” என்று கேட்டால், “இன்னைக்கு வேணாம் தம்பி, நீங்க போயிட்டு வாங்க” என்று கூச்சமில்லாமல் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாதவர் மூன்று கிலோவையே தூக்கிக்கொண்டு போகலாம்.