கை கொடுத்தால் ஓடும் கடியாரம்



நம் மலையில் பழைய சாமான் விற்கிற கடைகளில், மின்சாரத்தால் ஓடுகிற மேசைக் கடியாரம் ஒன்று எப்போதாவது கண்ணில் படுவதுண்டு. மரப்பெட்டியோ பேக்லைட் பெட்டியோ இருக்கும், வட்ட முகம், பின்னால் துணி சுற்றின ஒயர். தோட்டத்து பங்களாக்களில் கணப்பு மேடையின்மேல் இருந்தவை இவை. துரைமார் கப்பலேறினபோது நாற்காலி, பீங்கான், கம்பளத்தோடு ஏலத்தில் போயின. இதிலும் ஒரு பிரசங்கமா என்று யாரேனும் கேட்கலாம். நமதாண்டவர் புளித்த மாவையும் காணாமற்போன வெள்ளிக் காசையும் எடுத்துப் பிரசங்கித்தார். நான் ஒரு கடியாரத்தை எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடியாரத்துக்குச் சாவி கிடையாது. ஸ்பிரிங் கிடையாது, பெண்டுலம் கிடையாது. தனக்கென்று ஒரு நேரமும் கிடையாது. நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் ஒரு வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய் வருகிறது. அந்தத் தாளத்தோடு சேர்ந்து உள்ளேயிருக்கும் சிறு சக்கரம் சுழல, பற்சக்கரங்கள் அதைக் குறைத்து முள்ளுக்குக் கொடுக்கின்றன. மின்நிலையத்தில் தாளம் சரியாயிருந்தால் கடியாரமும் சரியாயிருக்கும். 1932-ல் பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கினது. பைக்காரா ஆற்றுத் தண்ணீர் இரும்புக் குழாய்களில் ஏறக்குறைய 3,000 அடி இறங்கி, சிங்காராவில் டர்பைன்களைச் சுழற்றினது. கோயமுத்தூர் மில்களும் அதைக் கொண்டே ஓடின. அப்படியானால், பங்களாவில் கணப்பின்மேல் ஓசையில்லாமல் நகர்ந்த முள்ளை நகர்த்தினது எது? மலையில் பெய்த மழை அன்றோ! வீட்டிலிருந்தவர்கள் அந்தத் தண்ணீரைக் கண்டதில்லை.

கிளையானது கொடியை விட்டுப் பிரிந்து தன்னால் கனி கொடுக்கமாட்டாது என்று நம் ஆண்டவர் கற்பித்ததை அருளப்பர் சுவிசேஷம் 15-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நம் ஆத்துமத்துக்கும் சொந்த ஸ்பிரிங் இல்லை. எல்லாம் தேவ வரப்பிரசாதத்தால் ஆகிறது. இது நீங்கள் ஞானோபதேசத்தில் படித்ததே. ஆகையால் இதை நீட்டவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. இங்கிலாந்தில் 1930-களில் ஸ்மித்ஸ் கம்பெனியார் ‘செக்ட்ரிக்’ என்ற பெயரில் விற்ற கடியாரங்களில் பல மாதிரிகள் தாமாக ஓடத் தொடங்கமாட்டா. கரண்ட் வந்து நிற்கும். உள்ளே சக்கரம் லேசாக அதிர்ந்துகொண்டிருக்கும். முள் மட்டும் நகராது. பின்னாலிருக்கும் குமிழை விரலால் ஒருமுறை சுழற்றிவிடவேண்டும். உடனே சக்கரம் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். அதன்பிறகு கரண்ட் இருக்கும்வரை யாரும் தொடவேண்டியதில்லை. ஜூன், ஜூலை மாதக் காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் கடியாரம் நின்றுபோகும். கரண்ட் திரும்பி வந்தாலும் நின்றபடியே இருக்கும், ஒரு கை வரும்வரை.

இது குறையல்லவா என்பீர்கள். இதில் ஒரு நன்மை உண்டு. கரண்ட் வந்தவுடன் தானே ஓடத் தொடங்கும் கடியாரம், நடுவில் போன நேரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், தவறான மணியை நிமிர்ந்த முகத்தோடு காட்டும். அமெரிக்காவில் ஹென்றி வாரன் என்பவர் செய்த ‘டெலிக்ரான்’ கடியாரங்கள் தாமாக ஓடும் வகை. ஆகையால் அவற்றின் முகத்தில் சிறு துவாரம் வைத்து, கரண்ட் இடையில் நின்றிருந்தால் அதில் சிவப்பு அடையாளம் தெரியும்படி செய்தார்கள். ‘என்னை நம்பாதே, என்னைச் சரிபார்’ என்று கடியாரமே அறிக்கையிடுகிற மாதிரி. கையால் தொடங்கும் கடியாரத்துக்கு அந்தச் சிவப்பும் வேண்டாம். அது நின்றுவிட்டது என்று வீடே அறியும்.

பிரியமானவர்களே, ஞாயிறு பூசைக்கு ஒருநாளும் தவறாதவர்கள் உண்டு. சகோதரனோடு பேசி நாலு வருஷம். கூலிக்காரனுக்குக் கொடுக்கவேண்டியது பாக்கி. ஆனாலும் முள் ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் நின்றுபோனதை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. வேறு சிலர் உண்டு: பிள்ளை இறந்த துக்கத்தில், அல்லது பங்கில் நடந்த ஒரு மனக்கசப்பில், பத்து வருஷம், இருபது வருஷம் கோவில் வாசல் மிதியாதவர்கள். நின்றுபோனவர்கள் என்று ஊரே அறியும்; அவர்களும் அறிவார்கள். எனக்கு முந்தினவர்களைக் குறித்தே அதிகப் பயம். நின்ற கடியாரம் பொய் சொல்வதில்லை.

அந்தப் பிந்தினவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பழைய கடையிலிருந்து கொண்டுவந்த கடியாரத்தை என்ன செய்வது?

முதலாவது, ஆசைப்பட்டு உடனே சுவரில் சொருகாதீர்கள். அந்நாளைய ஒயரின் ரப்பர் பொடிந்து உதிரும். இரும்புச் சட்டத்துக்குப் பெரும்பாலும் எர்த் கம்பி இராது. ஷாக் அடித்தால் உயிருக்கே ஆபத்து. விவரம் தெரிந்த எலெக்ட்ரீஷியனைக் கொண்டு புது ஒயர் போட்டு, கம்பிச் சுருளை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சுருள் முழுதாயிருந்தால் பாதி வேலை முடிந்தது. செத்துவிட்டது என்று தள்ளப்பட்ட கடியாரங்களில் பல சாகவில்லை. எண்ணெய் காய்ந்து பிசினாகிப் பற்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. பழைய பிசினைத் துடைத்தெடுத்துக் கடியார எண்ணெய் ஒரு சொட்டு வைத்தால் போதும். சமையல் எண்ணெய் வேண்டாம். அது மறுபடியும் பிசினாகும். நம் ஊர் ஈரத்தில் மரப்பெட்டியின் மெல்லிய மேற்பலகை பெயர்ந்திருந்தால் ஒட்டலாம். முகத்திலுள்ள எண்களின்மேல் புதுப் பெயின்ட் அடிக்கவேண்டாம், மங்கினது மங்கினதாயிருக்கட்டும்.

இங்கே ஒரு சோதனை வரும். “உள்ளேயிருப்பதைக் கழற்றி எறிந்துவிட்டு, பேட்டரியில் ஓடும் புது மெஷினை வைத்துவிடலாம், யாருக்குத் தெரியும்?” என்று கடைக்காரரே சொல்லுவார். மலிவுதான், ஓடவும் செய்யும். ஆனால் வெளிப்பெட்டி பழையது, உள்ளே வேறொன்று. திரு இருதயப் படம் சுவரில், அதன் கீழே விளக்கு, ஜெபமாலை சொல்லும் நேரத்தில் டெலிவிஷன் என்றிருக்கும் வீடுகளை நான் அறிவேன், நீங்களும் அறிவீர்கள்.

பிறகு குமிழைச் சுழற்றவேண்டும். அதிலும் பக்கம் உண்டு. பழைய கடியாரங்கள் சிலவற்றைத் தவறான பக்கம் சுழற்றினால் முள் பின்னோக்கி ஓடும்! தன் பாவத்தை விட்டெழும்ப நினைக்கிறவன், தன்னைத் துன்பப்படுத்தினவர்களின் கணக்கை எடுத்துக்கொண்டு உட்காருகிறானே, அது பின்னோக்கி ஓடுவது. ஊதாரிப் பிள்ளை பன்றித் தொழுவத்தில் உட்கார்ந்து, தன்னைக் கைவிட்ட சிநேகிதர்களை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. தகப்பன் வீட்டை நினைத்து எழுந்தான். அந்த எழும்புதல்தான் குமிழைச் சுழற்றும் கை. என் உவமை இந்த இடத்தில் நொண்டுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்: கடியாரத்தைத் தொடும் கை வெளியேயிருந்து வருகிறது, மனுஷனிலோ எழும்பத் தூண்டுவதும் தேவ வரப்பிரசாதமே. நாம் செய்வது அதற்கு இணங்குவது. ஆனால் இணங்காமல் ஒன்றும் நடவாது.

முள்ளைத் திருப்பி வைப்பதில் ஓர் ஆறுதல் உண்டு. கடியாரம் இருபது வருஷம் நின்றிருந்தாலும், அந்த இருபது வருஷத்து மணிகளையெல்லாம் முள் ஒவ்வொன்றாகச் சுற்றித் தீர்க்கவேண்டியதில்லை. இப்போது மணி என்ன என்று பார்த்து அதில் வைக்கிறோம். ஒரு நிமிஷ வேலை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் குருவானவர் கேட்பதும் அவ்வளவே. ஞாபகத்திலிருக்கும் சாவான பாவங்களை மனஸ்தாபத்தோடு சொல்லுங்கள். ஜெபம் மறந்துபோயிருந்தால் அவரே சொல்லிக்கொடுப்பார். கடைசியாக வந்து எத்தனை வருஷமாயிற்று என்று தெரியாவிட்டால், “மூத்த மகள் பிறந்தபோது வந்தது” என்கிற மாதிரி ஏதாவது ஓர் அடையாளம் போதும்.