கரியின் பேரில் வாங்கிய காசு

ஏழை தேசம் நிலக்கரியை எரிக்கலாமா என்று வினவுவோருக்கு, அமெரிக்காவில் ஆளொருவருக்கு ஆண்டொன்றுக்கு 14 டன்னளவில் கரியமில வாயு வெளியாக, இந்தியாவில் அது 2 டன்னளவிலேயே நிற்கிறது என்று கணக்குச் சொல்லி வாயடைத்துவிடலாம்; அந்தக் கணக்கில் நியாயமும் உண்டு. ஆயினும் பிற தேசங்களின் முன்னே வாதாடுவதற்குரிய அந்த நியாயத்தை, சொந்தப் பிரஜைகளுக்குப் பதில் சொல்லவேண்டிய இடத்திலும் கேடயமாகப் பிடிக்க ஒரு சர்க்காருக்கு உரிமை உண்டா என்பதே ஆராயத்தக்கது.

வறுமையொன்றே கரியை எரிக்கவைக்கிறது என்பது பாதி உண்மை. அனல்மின் நிலையத்தோடு மின்வாரியம் 25 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் எழுதிவிட்டால், மின்சாரம் வாங்காத காலத்துக்கும் நிலைக்கட்டணம் செலுத்தியே தீரவேண்டும். ஆகவே சூரிய மின்சாரம் மலிவாகக் கிடைத்தாலும் பழைய உலையைத் தணிக்க அதிகாரிக்கு எளிதில் மனம் வருவதில்லை. ரயில்வேயோ, நிலக்கரிச் சரக்கில் ஈட்டும் லாபத்தைக் கொண்டு பயணிகள் வண்டியின் நஷ்டத்தை ஈடுகட்டுகிறது. முன்பதிவில்லாப் பெட்டியில் நெருக்கியடித்து ஊர் திரும்பும் கூலியாளின் டிக்கெட் மலிவாயிருப்பதே ஓரளவு கரியின் தயவால்தான். இந்தப் பந்தத்தை அறுக்கச் சொல்பவர், அந்த நஷ்டத்தை யார் தலையில் ஏற்றுவது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இவற்றையெல்லாம் அறியாமல் சர்க்கார் இருந்ததென்று சொல்வதற்கில்லை. 2010ஆம் ஆண்டில் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாயாகத் தொடங்கி 2016இல் 400 ரூபாயாக உயர்ந்த செஸ் வரி, தூய எரிசக்திக்கென்றே ஒரு நிதியை ஸ்தாபித்து, அதன் பெயரால் வசூலிக்கப்பட்டது. 2018 வரையிலான எட்டு நிதியாண்டுகளில் ஏறத்தாழ 86,400 கோடி ரூபாய் திரண்டது. நிதிக்கு வந்து சேர்ந்தது சுமார் 29,600 கோடி. திட்டங்களுக்குச் செலவானது 15,900 கோடியளவே. 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது, அதே 400 ரூபாய் மாநிலங்களுக்கு நஷ்டஈடு கொடுப்பதற்கென்று பெயர் மாறிற்று (பேரேட்டில் தலைப்பை மாற்றுவதற்கு எந்தச் சர்க்காரும் அதிகம் சிரமப்பட்டதில்லை). மாநிலங்களின் வரவு குறைந்தால் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வாடும் என்ற வாதம் அற்பமானதன்று. சட்டமும் அதற்கு இடங்கொடுத்தது. ஆனால் இன்ன காரியத்துக்கென்று சொல்லி வாங்கிய காசு, வரியென்ற நிலையைக் கடந்து தர்மகர்த்தாவிடம் ஒப்படைத்த சொத்தின் தன்மையை அடைகிறது. அதை வேறு நல்ல காரியத்துக்குத் திருப்புவதற்குக்கூட, கொடுத்தவரின் சம்மதம் வேண்டும். கொடுத்தவரோ மின்கட்டணத்தின் வழியாக, கொடுக்கிறோமென்றே அறியாமல் கொடுத்தவர்.

நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த தன்பாத், ஜாரியா வட்டாரத்துச் சாலைகளில், சைக்கிளின் இருபுறமும் நடுச்சட்டத்திலும் கரிமூட்டைகளைக் கட்டி, ஏறி மிதிக்க இயலாத அப்பாரத்தை மேட்டில் மார்போடு அணைத்துத் தள்ளிக்கொண்டு பல மைல் நடக்கும் மனிதர்களைக் காணலாம். சட்டத்தின் கண்ணில் அவர்கள் பொறுக்கியது திருட்டுக் கரி. சுரங்கங்கள் மூடப்படவேண்டும் என்பதில் இரண்டாவது அபிப்பிராயம் இல்லாதவர்கூட, மூடிய மறுநாள் இவர்கள் எதைத் தள்ளிப் பிழைப்பது என்பதற்கு அந்த 86,400 கோடியில் எவ்வளவு ஒதுக்கியிருக்கலாம் என்று கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை.