உதிரி கிடைக்காத எந்திரம்

பழுது பார்ப்பது அறம் சார்ந்த செயலா என்று கேட்டால் பலர் புன்னகை செய்வர். நின்றுபோன கடிகாரத்தை ஓடச் செய்வதும், ஒழுகும் குழாயை அடைப்பதும் தொழில். அதில் அறத்துக்கு என்ன வேலை என்பர். கடைக்குச் சென்றால் வேண்டிய உறுப்பு கிடைக்கும் காலம் வரை அவர்கள் கூறுவது சரியே. உதிரி கிடைக்காது என்ற நிலை வந்தவுடன் அதே தொழில் வேறொன்றாகி விடுகிறது. பழுது பார்ப்பவர் எதை எங்கிருந்து எடுக்கிறார், எதைச் சிதைத்து எதை வாழ வைக்கிறார், மாற்றியதைச் சொல்கிறாரா, மறைக்கிறாரா என்ற வினாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன.

இவ்வினாக்களை ஆராய, நாணயம் போட்டு ஆடும் பழைய வீடியோ விளையாட்டு எந்திரத்தை எடுத்துக் கொள்கிறேன். இதைவிடக் கனமான பொருள் கிடைக்கவில்லையா என்று வாசகர் கேட்கலாம். மருத்துவக் கருவியாயின், எப்படியேனும் சரி செய் என்று அவசரமே தீர்ப்புக் கூறிவிடும். விளையாட்டுப் பொருளில் அத்தகைய அவசரம் இல்லை. எனவே நமது நியாயங்களை அங்கே நிதானமாக நிறுத்துப் பார்க்க முடிகிறது.

1978ஆம் ஆண்டு ஜப்பானில் டைட்டோ நிறுவனம் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. அதனை உருவாக்கியவர் டொமோஹிரோ நிஷிகாடோ. ஐந்து வரிசைகளில் 55 விண்வெளிப் பகைவர்கள் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து கீழிறங்குவர். ஆடுபவர் கீழிருந்து சுட்டு வீழ்த்த வேண்டும். உள்ளே இருந்த மூளை இன்டெல் 8080 என்னும் சில்லு. 55 உருவங்களையும் ஒருசேர நகர்த்தும் வலு அதற்கு இல்லை. ஒன்றன்பின் ஒன்றாகவே நகர்த்தியது. எனவே பகைவர் குறையக் குறைய, எஞ்சியவர் விரைந்து ஓடலாயினர். இறுதியில் நிற்கும் ஒற்றை உருவம் பாய்ந்து செல்லும்போது ஆடுபவரின் நெஞ்சு படபடக்கும். கருவியின் இயலாமையிலிருந்து பிறந்த இந்தப் படபடப்பே ஆட்டத்தின் சுவையாகிவிட்டது. இன்றைய கணினியில் இவ்வாட்டத்தை மீண்டும் எழுதுபவர், எவ்வளவு வலுவிருந்தும் அந்தப் பழைய வலுவின்மையை வலிந்து பின்பற்ற வேண்டியிருக்கிறது. மேலான உறுப்பு எப்போதும் பொருத்தமான உறுப்பு ஆவதில்லை என்பதை இவ்வொரு செய்தியே காட்டும்.

அமெரிக்காவில் மிட்வே நிறுவனம் உரிமம் பெற்றுச் செய்த நெடிய பெட்டியில் இன்னும் ஓர் அழகு உண்டு. திரை ஆடுபவரை நோக்கி நிற்பதில்லை, உள்ளே படுத்திருக்கும். அதன் ஒளி பாதி ஒளிபுகும் கண்ணாடியில் பட்டு, பின்னால் தீட்டிய நிலவுக் காட்சியின்மேல் மிதப்பதுபோல் தோன்றும். கறுப்பு வெள்ளைத் திரையின்மேல் வண்ணத் தாளை ஒட்டியே பச்சையும் செம்மஞ்சளும் வரவழைத்தனர். கண்ணாடி, வண்ணத்தாள், ஓவியம், மரப்பெட்டி ஆகிய எல்லாம் சேர்ந்ததே அந்த ஆட்டம்.

இத்தகைய எந்திரம் நாற்பது ஆண்டுகளைக் கடந்தபின் பழுது பார்ப்பவரிடம் வருகிறது என்று கொள்வோம். கண்டென்சர்களுக்குள் இருந்த ஈரம் வற்றிப் படம் நெளியும். சில்லுகளைச் செருகியுள்ள கால்கள் கறுத்து, தொட்டால் ஓடும், விட்டால் நிற்கும். மின்கலம் வைத்த வேறு சில பலகைகளிலோ அது கசிந்து செப்புக் கோடுகளைத் தின்றிருக்கும். இவையெல்லாம் பொறுமைக்கு வசப்படும் நோய்கள். கண்டென்சர் இன்றும் செய்யப்படுகிறது. அறுந்த கோட்டுக்கு மேல் மெல்லிய கம்பியை ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம்.

வசப்படாதவை வேறு. ஸ்பேஸ் இன்வேடர்ஸில் பறக்கும் தட்டின் ஒலியை எழுப்பியது டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் எஸ்.என். 76477 என்னும் ஒலிச் சில்லு; அதன் உற்பத்தி நின்று நெடுங்காலமாகிறது. உயர் மின்னழுத்தம் தரும் ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மர் ஒவ்வொரு திரை வகைக்கும் வேறுபடும். தேடினும் அகப்படுவது அரிது. எல்லாவற்றிலும் கடினமானது பிக்சர் டியூப். கண்ணாடி ஊதி, உள்ளே ஒளிரும் பொடி பூசி, காற்றை உறிஞ்சி மூடும் பெரும் ஆலைத் தொழில் அது. தட்டைத் திரைகள் வந்தபின் அவ்வாலைகள் உலகெங்கும் மூடப்பட்டன. சிறு பட்டறையில் உட்கார்ந்து ஒருவர் செய்யக்கூடிய பொருளன்று அது.

ஆகவே பழுது பார்ப்பவர் வீட்டுத் தொலைக்காட்சியை நாடுகிறார். எவரும் வேண்டாமென்று தெருவில் வைத்த பழைய பெட்டியிலிருந்து டியூபைக் கழற்றி, எந்திரத்தின் திரையில் பொருத்துகிறார். சொல்ல எளிது. டியூபின் கழுத்தில் உள்ள ஊசிகள் ஒத்திருக்க வேண்டும்; கதிரை வளைக்கும் சுருளின் தன்மை எந்திரத்தின் மின்சுற்றோடு இசைய வேண்டும்; இல்லையேல் சுற்றே கருகும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் டியூப் பல்லாயிரம் வோல்ட்டைத் தன்னுள் வைத்திருக்கக் கூடும். அதை முறையாக இறக்காமல் கை வைப்பவர் தூக்கி எறியப்படுவார்.

தெருவில் எறிந்த பெட்டியிலிருந்து எடுப்பதில் யாருக்கும் மறுப்பில்லை. இன்னொரு விளையாட்டு எந்திரத்தை அறுத்து எடுப்பதில்தான் சிக்கல். ஒரே வகை எந்திரங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் திரை நன்று, பலகை கெட்டது. மற்றதில் பலகை நன்று, திரை கெட்டது. இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கினால் ஓடும் எந்திரம் ஒன்று கிடைக்கும்; மீதம் ஒரு வெறும் கூடு. இதைச் சிக்கனம் என்பவரும் உண்டு, கொலை என்பவரும் உண்டு. கொலை என்பது மிகைச்சொல். மரத்துக்கும் கண்ணாடிக்கும் நோவு இல்லை. ஆயினும் அச்சொல்லின் அடியில் ஓர் உண்மை இருக்கிறது. இன்று கெட்ட பலகை நாளை திருத்தப்படலாம். இன்று அதற்கு வழி தெரியாதவர், எவருக்குமே வழி தெரியாதென்று தீர்ப்பளிக்கிறார். ஒரு வகையில் சில நூறு எந்திரங்களே எஞ்சியிருக்கும்போது, கூடாக்கப்படும் ஒவ்வொன்றும் இனி பிறக்காதவர்களின் பங்கிலிருந்து கழிகிறது.

என் கருத்தில், அறுப்பதற்கு முன் மூன்று பேரை நினைத்துப் பார்ப்பது முறை: பொருளுக்கு இன்று உரியவர், அதனை ஆட வருபவர், நாளை அதனைத் திருத்தக் கூடியவர். முதல் இருவரும் பட்டறை வாசலில் நின்று கேட்பார்கள். மூன்றாமவர் கேட்க முடியாது. எனவே அவருக்காகப் பழுது பார்ப்பவரே பேச வேண்டியிருக்கிறது. கழற்றிய கூட்டை எரித்துவிடாமல் வைப்பதும், வெட்டாமல் திருகாணி வழியே கழற்றுவதும் அவருக்குச் செய்யும் சிறு மரியாதைகள்.

இனி, உறுப்புகள் மாறிக் கொண்டே போகும் எந்திரம் பழைய எந்திரம்தானா? இது கிரேக்கர் காலத்துக் கேள்வி. தீசியஸ் என்னும் வீரனின் கப்பலை ஏதென்ஸ் மக்கள் பேணி வந்ததையும், உளுத்த பலகைகளை நீக்கிப் புதியன வைத்ததையும், அது அதே கப்பலா என்று தத்துவ அறிஞர் வாதிட்டதையும் புளுட்டார்க் எழுதியிருக்கிறார். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தாமஸ் ஹாப்ஸ் இதில் ஒரு முடிச்சைப் போட்டார்: நீக்கிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்து வைத்து, அவற்றைக் கொண்டே இன்னொரு கப்பல் கட்டினால் எது தீசியஸின் கப்பல்?

மேசையில் அமர்ந்து இதற்கு விடை காண்பது கடினம். பட்டறையில் நின்றால் சற்று எளிதாகிறது. ஏனெனில் அங்கே, எதற்காகக் கேட்கிறாய் என்று எதிர்க்கேள்வி போடலாம். ஜப்பானில் ஈசே என்னுமிடத்து ஷின்டோ ஆலயத்தை இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை புது மரம் கொண்டு அடுத்த மனையில் எழுப்புகின்றனர். 2013இல் நடந்தது 62ஆவது முறை. அம்மரம் புதிது, கட்டும் முறையோ பழையது. அவர்களுக்குத் தொடர்ச்சி கைத்திறனில் இருக்கிறது. மாறாக, நிஷிகாடோ தம் கையால் அமைத்த முதல் பலகையே வேண்டும் என்பவருக்கு வேறெந்தப் பலகையும் ஈடாகாது. ஆடுபவருக்கோ அந்த நடுக்கம், அந்த ஒளி, கைப்பிடியின் அந்தக் கனம் போதும். மூவரும் 'அதே எந்திரம்' என்ற சொல்லையே பயன்படுத்துகின்றனர். ஆனால் மூவரும் மூன்று பொருள்களைக் குறிக்கின்றனர். சண்டைகளில் பாதி இதனால் வருவது.

மறுபாதி பொய்யினால் வருகிறது. பழைய பலகையைப் போன்றே இன்று புதிதாகச் செய்த பலகைகள் கிடைக்கின்றன. பக்கவாட்டு ஓவியங்களையும் அச்சிட்டுத் தருகின்றனர். செய்வதில் தவறில்லை, அவை இல்லையேல் பல எந்திரங்கள் விறகாகியிருக்கும். அவற்றைப் பொருத்தி, 'எல்லாம் ஆதிப் பொருள்' என்று விற்பதே குற்றம். விற்கும் பொருளின் குறையை வாங்குவோனிடம் மறைக்கலாகாது என்னும் வணிக அறம் நம் வாசகர்களுக்குப் புதிதன்று. திருத்தக் கொடுத்த பொருள் அமானிதம். அதிலிருந்து நல்ல சில்லை எடுத்துக்கொண்டு நலிந்ததைப் பொருத்தி அனுப்புகிறவர், உரியவர் உள்ளே திறந்து பார்க்கமாட்டார் என்ற துணிவில் செய்கிறார். எத்தொழிலிலும் இத்துணிவு உண்டு. உதிரி அரிதாக ஆக, அதன் ஆசையும் கூடும்.

இன்னும் கூர்மையான வழக்கு ஒன்றுண்டு. 1991இல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' ஆட்டத்தைக் கள்ளத்தனமாகப் படியெடுத்தவர்கள் ஏராளம். இதனால் கேப்காம் நிறுவனம் 1993இல் கொண்டுவந்த சி.பி. சிஸ்டம் 2 என்னும் அமைப்பில் ஒரு பூட்டை வைத்தது. ஆட்டத்தின் கட்டளைகள் மறைகுறியாக எழுதப்பட்டிருக்கும். அவற்றை வாசிக்கும் திறவுகோல், சிறு மின்கலம் ஒன்றின் தயவில் மட்டுமே நினைவில் நிற்கும். மின்கலம் தீர்ந்தால் திறவுகோல் மறையும், பலகை ஊமையாகும். பிறகு புதிய மின்கலம் வைத்தும் பயனில்லை. பழுது பார்ப்போர் இதனைத் 'தற்கொலை மின்கலம்' என்றே அழைத்தனர்.

நிறுவனத்தின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. பலர் உழைத்துச் செய்ததை ஒருவன் இரவோடிரவாகப் படியெடுத்து விற்றால், பூட்டுப் போடுவதைக் குறை கூற முடியாது. ஆனால் விலை கொடுத்து வாங்கியவனின் பொருள், அவன் யாதொரு பிழையும் செய்யாதிருக்க, ஒருநாள் தானே சாகும்படி அமைத்ததை என்னென்பது? திருடனைத் தடுக்க வைத்த பூட்டு, சில ஆண்டுகள் கழித்து வீட்டுக்காரனையே வெளியே நிறுத்துகிறது. 2001இல் ஆர்வலர் சிலர் அம்மறைகுறியைச் சுற்றிச் செல்லும் வழி கண்டனர். 2007இல் மறைகுறியின் முறையே வெளிப்பட்டது. 2016இல் இறந்த பலகையில் மூலத் திறவுகோலையே மீண்டும் எழுதி உயிர்ப்பிக்கும் முறை வெளியானது. இவர்கள் பூட்டை உடைத்தவர்களா, பொருளை மீட்டவர்களா?

நான் இரண்டாம் பக்கத்தில் நிற்கிறேன். காரணம், இங்கே செயலின் பயன் யாரிடம் போகிறது என்பதே. இறந்த பலகையில் திறவுகோலை எழுதுவதால் புதிய படி ஒன்றும் பிறப்பதில்லை. விலை கொடுத்து வாங்கிய பொருள் உரியவனுக்குத் திரும்ப வருகிறது. அதே அறிவைக் கொண்டு ஒருவன் கள்ளப் பலகை செய்து விற்பானாயின், அவனுக்காக நான் வாதாட மாட்டேன். கருவி ஒன்றே, செயல் இரண்டு. அறிவே வெளிவராமல் இருந்திருக்கலாமே என்பார்க்கு, அந்நிலையில் நேர்மையாளன் மட்டுமே இழப்பான் என்பதே என் மறுமொழி. கள்ளனுக்கு அந்தப் பழைய பலகை தேவையே இல்லை.

இவ்வளவு தொல்லை எதற்கு, கணினியில் ஆடலாமே என்பார் உளர். 1997இல் நிக்கோலா சல்மோரியா தொடங்கிய 'மேம்' என்னும் மென்பொருள், ஆயிரக்கணக்கான பழைய ஆட்டங்களை இன்றைய கணினியில் ஓட வைக்கிறது. அந்த வன்பொருள்கள் எவ்வாறு இயங்கின என்பதைப் பதிவு செய்து வைத்த பெருந்தொண்டு அது. ஆனால் 1979இல் அட்டாரி வெளியிட்ட 'ஆஸ்டராய்ட்ஸ்' எந்திரத்தின் முன் நின்றவர் வேறுபாட்டை அறிவார். அதன் கதிர் வரிவரியாகத் திரையை நிரப்புவதில்லை; பேனாவைப் போல் கோடுகளை நேராக இழுக்கிறது. அங்கே சுடும் குண்டு ஒரு பொறியாகக் கண்ணைக் குத்தும். தட்டைத் திரை அதைக் காட்டும், கண்ணைக் குத்தாது.

இதனால்தான் அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் லகோனியா நகரில் உள்ள ஆர்க்கேட் அருங்காட்சியகம், பழைய எந்திரங்களைக் கண்ணாடிக்குப் பின்னே வைக்காமல் வருவோரை ஆட விடுகிறது. ஆடும் ஒவ்வொரு மணியும் டியூபைத் தேய்க்கும். பாக்மேன் ஆட்டத்தின் சுவர்கள் நெடுநாள் ஒரே இடத்தில் ஒளிர்ந்து திரையில் தழும்பாகப் பதிந்துவிட்ட எந்திரங்கள் பல. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அத்தழும்பு தெரியும். அத்தகைய டியூபை மாற்றுவதா, வைப்பதா என்று பழுது பார்ப்போர் தம்முள் வாதிடுவர். ஆட வருபவருக்கு அது குறை. எத்தனையோ கைகள் அங்கே நின்று ஆடியதற்கு அதுவே சான்று என்பாரும் உண்டு.

தேர்ந்த கைகாரர்களிடம் ஒரு பழக்கத்தைக் காணலாம். கழற்றிய கெட்ட சில்லைக் குப்பையில் போடாமல், சிறு உறையிலிட்டு, எந்த நாளில் எந்த இடத்திலிருந்து எடுத்தது, அங்கே எதை வைத்தது என்று எழுதி, பெட்டியின் உட்புறத்திலேயே ஒட்டிவிடுகின்றனர். முப்பது ஆண்டு கழித்து அக்கதவைத் திறப்பவர் யாரென்று அவர்களுக்குத் தெரியாது.