பிழை யாருடையது?

ஆங்கில நாளிதழ்களின் வரி விளம்பரப் பக்கத்தில் ஒரு வகை அறிவிப்பு அடிக்கடி வரும். இன்ன ராணுவ எண்ணுள்ள ஹவில்தாரின் மனைவியாகிய நான் என் பெயரை இப்படியிருந்து இப்படி மாற்றிக்கொண்டேன் என்று இருக்கும். இரண்டு பெயரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பல சமயம் ஓர் எழுத்துதான் வித்தியாசம். உண்மையில் அந்தப் பெண் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. எப்போதோ, ஏதோ ஓர் அலுவலகத்தில், எழுத்தர் ஒருவர் மாற்றி எழுதிவிட்டார். அதைச் சரிசெய்ய, தான் செய்யாத ஒன்றைத் தானே செய்ததாக அவர் ஊரறிய அறிவிக்க வேண்டியிருக்கிறது. அதுவும் கைக்காசைக் கொடுத்து.

ஒரு மனிதரும் அவரைப் பற்றிய ஆவணமும் முரண்படும்போது, நிரூபிக்க வேண்டிய கடமை யாருக்கு?

முதலில் பிழை எப்படி வருகிறது என்று பார்ப்போம். ராணுவத்தில் சேர்ந்தவரின் வாழ்க்கை காகிதத்திலும் கூடவே ஓடுகிறது. கல்யாணம் ஆனால், குழந்தை பிறந்தால், 'பார்ட் டூ ஆர்டர்' என்ற உத்தரவு வழியாகப் பதிவாகும். ஜவான்களின் ஆவணங்களைப் பராமரிக்கத் தனி ஆவண அலுவலகங்கள் உண்டு. மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு அது நீலகிரியில், வெலிங்டனில் இருக்கிறது. தமிழ்ப் பெயர் ஆங்கிலத்துக்குப் போகும்போதே தடுமாறும். 'அழகம்மாள்' என்று எழுத ழகரத்துக்கு 'இசட் எச்' போடலாம், 'எல்' போடலாம். இனிஷியலை விரிக்கச் சொன்னால் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகிவிடும். பணியில் இருக்கும்வரை இதை யாரும் கண்டுகொள்வதில்லை. சம்பளம் வருதா, வருது, அவ்வளவுதான்.

சிக்கல் கணவர் இறந்த பிறகு தெரியவருகிறது. ஆதாரில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர், ஓய்வூதிய ஆணையில் ஒரு பெயர். நாற்பது வருடம் கூட வாழ்ந்தவள், அவருடைய மனைவி தான்தான் என்று பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறாள். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் வங்கிக்கும் நடக்கிறாள். எழுதியவரோ எப்போதோ ஓய்வு பெற்றுப் போயிருப்பார்.

எளியவங்களுக்குத்தான் இந்த அலைச்சல், பெரிய இடத்துல ஒரு போன் போதும் என்று நமக்குத் தோன்றும். இந்தியத் தரைப்படைத் தளபதியாக இருந்த வி.கே. சிங்கின் வழக்கு வேறு மாதிரி சொல்கிறது. அவருடைய பள்ளியிறுதிச் சான்றிதழில் பிறந்த நாள் 1951 மே 10. தேசியப் பாதுகாப்புப் பயிற்சிக் கழகத்துக்கான விண்ணப்பத்தில் 1950 என்று இருந்தது. ராணுவத் தலைமையகத்தின் ஒரு பிரிவு 1951 என்றும், இன்னொரு பிரிவு 1950 என்றும் பல்லாண்டுகள் வைத்திருந்தன. அரசு 1950தான் என்றது. பதவியில் இருக்கும்போதே அவர் உச்ச நீதிமன்றம் போனார். 2012 பிப்ரவரி 10 அன்று நீதிபதிகள் ஆர்.எம். லோதா, எச்.எல். கோகலே அமர்வு விஷயத்தைத் தெளிவாக்கியது: அவர் உண்மையில் எப்போது பிறந்தார் என்பதல்ல கேள்வி, பணி ஆவணத்தில் எந்தத் தேதி ஏற்கப்பட்டிருக்கிறது என்பதே கேள்வி. அவர் மனுவைத் திரும்பப் பெற்றார். அந்த மே மாத இறுதியில் ஓய்வு பெற்றார்.

1950ஐ ஏற்கிறேன் என்று அவர் முன்பு எழுதிக்கொடுத்த கடிதங்கள் அவருக்கு எதிராகவே நின்றன. சரி, இப்போதைக்கு இருக்கட்டும் என்று பிழையோடு ஒத்துப்போனவர், அந்தப் பிழைக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுகிறார். விளம்பரம் கொடுக்கும் பெண்ணுக்கு நடப்பதும் இதேதான். அவள் பெயரைத் தவறாக எழுதியது வேறு கை. அந்தத் தவறு இப்போது அவள் செய்த 'மாற்றம்' ஆகிவிடுகிறது.

எதிர்வாதத்துக்கும் நியாயம் உண்டு. நாற்பது வருடம் கழித்து ஆளாளுக்கு வயதைக் குறைத்துக்கொண்டால் நிர்வாகம் நடக்காது. ஒருவர் பதவியில் நீடித்தால் அவருக்குப் பின்னால் காத்திருப்பவரின் வாய்ப்பு போகும். வயதைத் திருத்தியே பதவியை நீட்டிக்கொண்டவர்களும் உண்டு. ஆவணம் எளிதில் அசையக் கூடாது என்பது வெறும் அதிகாரத் திமிர் அல்ல. அடுத்தவரின் உரிமையைக் காக்கிற ஏற்பாடு.

அப்படியென்றால் இரண்டு கேள்விகளைக் கேட்டாக வேண்டும். திருத்தினால் யாருக்காவது நஷ்டமா? எழுதிய பேனா யாருடையது? தளபதியின் பிறந்த தேதியில் முதல் கேள்விக்கு 'ஆம்' என்ற பதில் வரலாம். அங்கே கடுமை பொருந்தும். 'இசட் எச்' இருக்க வேண்டிய இடத்தில் 'எல்' இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? கணவரின் ராணுவ எண் சரி, திருமணப் பதிவு சரி, பிள்ளைகளின் பெயர் சரி. ஆள்மாறாட்டம் நடக்காமல் பார்த்துக்கொள்வது அரசின் கடமைதான். அதற்கு வேண்டிய தகவல் பெரும்பாலும் அரசின் அலமாரியிலேயே இருக்கிறது. எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிற உழைப்பை மட்டும் அந்த அம்மாவின் தலையில் வைக்கிறோம்.

இப்படி யோசிப்பது நம் சட்டத்துக்கே புதிதல்ல. பஞ்சாப் அரசுக்கும் ரஃபீக் மசீஹுக்கும் இடையிலான வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் சில வரையறைகளை வகுத்தது. அரசு தன் தவறால் கூடுதலாகக் கொடுத்த பணத்தை ஓய்வு பெற்றவர்களிடமிருந்தும் கடைநிலை ஊழியர்களிடமிருந்தும் திரும்பப் பிடிக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. பணம் தவறாகப் போனதுதான். ஆனாலும் கணக்குப் போட்டவரின் பிழைக்கு, வாங்கிச் செலவழித்துவிட்ட முதியவரை வதைப்பது நியாயமில்லை என்பதே அதன் சாரம். பணத்துக்கு ஏற்றுக்கொண்ட இந்த நியாயத்தை ஒரு பெயருக்கு ஏற்க ஏன் தயங்க வேண்டும்?

ராணுவ வீரர் விஷயத்தில் இது கூடுதலாக உறுத்துகிறது. எங்கே போ என்றார்களோ அங்கே போனார், கேள்வி கேட்கவில்லை. அந்த நம்பிக்கையின் மறுபக்கமாக அரசு தந்த வாக்கு: நீ இல்லாவிட்டாலும் உன் குடும்பத்தைப் பார்த்துக்கொள்வோம். அந்த வாக்கு எழுதப்பட்டிருப்பது இந்தக் காகிதத்தில்தான். அதில் பிழை இருந்தால், தேடி வந்து திருத்த வேண்டியது வாக்குக் கொடுத்தவர்.

பழைய பேரேடுகளில் குமாஸ்தாக்களுக்கு ஒரு நடைமுறை உண்டு. தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. ஒரு கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பிழை என்னுடையது, திருத்தமும் என்னுடையது என்பதற்கான கையெழுத்து அது. வரி விளம்பரத்தில் அந்த இடத்தில் விதவையின் கையெழுத்தை வாங்கிக்கொண்டிருக்கிறோம்.