பிழையுள்ள மொழியும் பிழையற்ற அன்பும்

இலக்கணப் பிழை மலிந்த கடிதம், எழுதியவர்மீது கொண்ட காதலைக் குறைத்துவிடுமா? குறைக்கும் என்பதே பலர் அனுபவம். செம்மையான மொழி செம்மையான உள்ளத்தின் அடையாளம் என நாம் எளிதில் எண்ணிவிடுகிறோம்.

ஜெர்மானியக் கவிஞர் கதே 1788-இல் வைமார் நகரில் கிறிஸ்டியானே வுல்பியுஸ் என்னும் பெண்ணைச் சந்தித்தார். செயற்கை மலர் செய்யும் பட்டறையில் உழைத்த அப்பெண்மணி பேசியவாறே எழுதினார். அவருடைய கடிதங்களில் எழுத்துப் பிழைகள் நிறைந்திருந்தன. நகரத்து மேன்மக்கள் இகழ்ந்தனர். கவிஞரோ விலகவில்லை. பதினெட்டு ஆண்டுகள் மணமின்றி வாழ்ந்ததை நாம் போற்றவில்லை. எனினும், 1806 அக்டோபரில் பிரெஞ்சு வீரர்கள் வீட்டினுள் புகுந்தபோது, கதேயைக் காக்க அஞ்சாது நின்றவர் கிறிஸ்டியானேதான். அம்மாதம் 19-ஆம் நாள் திருமணம் நடந்தது.

அப்படைகளின் தலைவர் நெப்போலியனுக்கோ பிரெஞ்சு தாய்மொழியன்று. கோர்சிகாத் தீவில் பிறந்த அவர், 1796-இல் ஜோசபினுக்குப் பிழை மலிந்த பிரெஞ்சில் காதல் கடிதங்கள் எழுதினார். அம்மணம் 1809-இல் முறிந்தது. வாரிசு இல்லாமையே காரணமாகக் கூறப்பட்டது, இலக்கணமன்று.

ஆகவே பிழைகளைப் பகுத்துணர வேண்டும். கவனமின்மையால் வரும் பிழை, படிப்பவரை மதியாமையைக் காட்டலாம். கல்வி கிட்டாமையாலோ, அயல்மொழியில் பேச முயல்வதாலோ வரும் பிழை அத்தகையதன்று. நமக்காக நம் மொழியில் தடுமாறுபவர், நாம் சுமக்க வேண்டிய பாரத்தையும் தாமே சுமக்கிறார். அதைக் கண்டு நகைப்போமாயின், குறை அவர் நாவிலா, நம் நெஞ்சிலா?